ஆறு பேர் என்றார்கள், பதினான்கு பேர் வந்தார்கள்

கேள்வி: திருக்கடையூரில் கோயிலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருப்பதால் மாடியில் உள்ள இரண்டு அறைகளையும் ஒரு வருடமாக நாள் வாடகைக்கு விடுகிறோம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய வருகிறவர்கள்தான் அதிகம். போன மாதம் ஆறு பேர் என்று சொல்லி அறை எடுத்தவர்கள் பதினான்கு பேராக வந்து இறங்கினார்கள். "எல்லாம் சொந்தக்காரங்கதான் ஆன்ட்டி, ஒரு ராத்திரி அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார்கள். வாசலில் நிற்பவர்களை எப்படிப் போகச் சொல்வது? இரவு அவர்களோடு வந்த பையன்கள் மொட்டைமாடியில் குடித்தார்கள். எதிர் வீட்டு வாசலை மறித்து வேனை நிறுத்தினார்கள். விடியற்காலை நாலரை மணிக்குத் தண்ணீர் தீர்ந்து ஒரே சத்தம். ஊருக்குப் போனதும் இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, "தண்ணீர்கூட இல்லாத வீடு" என்று எழுதிவிட்டார்கள். 82 வயது மாமியார், வருகிறவர்கள் என்ன ஆட்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சாவி கொடுக்க வேண்டும் என்கிறார். கணவர், பேசாமல் நிறுத்திவிடு என்கிறார். எனக்கோ என் கையில் என் பணம் என்று ஒன்று இருப்பது தெம்பாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது நடத்துகிற விதத்தில் இன்னொரு மாதம்கூட நடத்த வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. 2016 பிப்ரவரியில் கும்பகோணத்தில் மகாமகம். எங்கள் பிறந்த வீட்டில் ரேழியை ஒட்டிய அறையை ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு அம்மா வாடகைக்குக் கொடுத்தார். மறுநாள் அவர்களுடைய சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் யார் யாரோ வந்தார்கள். கூடம் முழுக்கப் பாய். அம்மா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. வாடகைக்கு வந்தவர்கள் என்பதே மறந்து, வந்த எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார், ரசம் வைத்துக் கொடுத்தார். நான்காம் நாள் கழிவறைத் தொட்டி நிரம்பிக் கொல்லையெல்லாம் நாற்றம். அவர்கள் கிளம்பிய பிறகு அம்மா ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தார். பேசியது ஐந்து பேருக்கான வாடகை, கைக்கு வந்ததும் அதுதான்.

அம்மாவுக்கு இரக்கம் அதிகம் என்பதால் மட்டும் இப்படி ஆகவில்லை. நம் பக்கத்தில் வீட்டு வாசலில் ஒருவர் பெட்டியோடு வந்து நின்றுவிட்டால் அவர் விருந்தாளி. விருந்தாளியிடம் "எத்தனை பேர்" என்று கேட்க நாக்கு எழாது. அதனால் நீங்கள் பேச வேண்டிய இடம் வாசல் இல்லை. முன்பணம் வாங்குவதற்கு முன்பு, போனில் பேசுங்கள். "ஆறு பேருக்கு மேல் தங்க முடியாது, தண்ணீர் அவ்வளவுதான் வரும்" என்று முந்தைய வாரம் சொன்னால் அது தகவல். அதையே பெட்டி இறக்கிய பிறகு சொன்னால் சண்டை. உங்களுக்கு நடந்தவற்றில் முக்கால்வாசி இந்த ஓர் இடத்திலேயே சரியாகிவிடும்.

எத்தனை பேர் என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கல்யாணத்துக்கு வருகிறவர்களின் விடியற்காலை வேறு மாதிரி. சுற்றுலா வருகிறவர் ஒன்பது மணிக்கு எழுந்து ஒவ்வொருவராகக் குளிப்பார். அறுபதாம் கல்யாணக் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் குளித்து, பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கோ பூஜைக்குக் கோயிலில் நிற்க வேண்டும். ஒருவர் குளிக்க இரண்டு வாளி, கழிவறைக்கு ஒரு வாளி என்று வைத்தால் தலைக்கு ஏறக்குறைய 50 லிட்டர். ஆறு பேருக்கு 300. பதினான்கு பேருக்கு 700. உங்கள் மாடியில் இருப்பது வழக்கமான 500 லிட்டர் தொட்டி என்றால் நாலரை மணிக்குத் தீர்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

வெந்நீரையும் கணக்குப் போடுங்கள். 15 லிட்டர் கீசர் ஒருமுறை சூடேற ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நீரை விளாவினால் ஒரு ஆள் குளிக்கலாம். ஒரு குளியலறைக்கு மூன்று பேர் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏழு பேர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இந்தக் கணக்கை அறை எடுக்கிறவரிடம் அப்படியே சொல்லுங்கள். "வரக்கூடாது" என்றால் கோபம் வரும். "முகூர்த்தத்துக்குத் தாமதமாகிவிடும்" என்றால் அவர்களே யோசித்து, இன்னொரு இடத்தில் இரண்டு அறை கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், இரவு படுக்கப் போகும் முன் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவது உங்கள் வேலை. விடியலில் மின்சாரம் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

கழிவுத்தொட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். மண் நீரை இழுக்காது, தொட்டி சீக்கிரம் நிரம்பும். புரட்டாசியிலேயே லாரி வைத்து எடுத்துவிடுங்கள். அந்த மாதங்களில் துணியும் காயாது, தலையணை பூஞ்சை வாடை அடிக்கும். இரண்டு மடங்கு விரிப்புகளும் துண்டுகளும் கையிருப்பில் வேண்டும். கலசாபிஷேகம் முடிந்து ஈரத்தோடும் மஞ்சளோடும் வந்து கட்டிலில் உட்காருவார்கள். அதற்காக அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அதற்குத்தானே வந்திருக்கிறார்கள். விழா நாளன்று வெள்ளை விரிப்பை எடுத்துவிட்டு அடர்நிறத்தில் போடுங்கள். மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவந்துபோய்ப் பயமுறுத்தும். துவைத்து நல்ல வெயிலில் போட்டால் தானாக வெளுத்துவிடும்.

முன்பணத்தைப் பற்றி ஒன்று. பாதி வாடகையை முன்னதாக வாங்குங்கள், கூடுதல் ஆளுக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரத்தன்று கல்யாணம் என்பதால் தேதியை அவர்களால் நகர்த்த முடியாது, அதனால் காரணமில்லாமல் ரத்து செய்ய மாட்டார்கள். ரத்து செய்கிறார்கள் என்றால் பெரும்பாலும் வீட்டில் ஒரு சாவு விழுந்து தீட்டு வந்திருக்கும். அப்படிப் போன் வந்தால் விதியெல்லாம் பேசாமல் முன்பணத்தை முழுதாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கறாராக இருக்க வேண்டியது ஆள் கணக்கில், துக்க வீட்டுப் பணத்தில் இல்லை.

குடித்த பையன்கள் விஷயம். இரவு பதினொன்றுக்கு மாடிக்கு நீங்கள் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், உங்கள் கணவரும் போக வேண்டாம். குடித்தவரிடம் நியாயம் பேசி யாரும் ஜெயித்ததில்லை. கல்யாணக் கூட்டத்தில் பெற்றோருக்காக இதையெல்லாம் ஏற்பாடு செய்த மகளோ மருமகளோ ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அறை எடுத்த ஆள் யாராக இருந்தாலும் சரி, அந்தப் பெண்ணின் எண்ணையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா, மாடியில் பாட்டில் இருக்கிறது, கொஞ்சம் பாருங்கள்" என்று அவளிடம் சொன்னால் போதும். அப்பா அம்மா விழாவில் தலைகுனிவு வரக்கூடாது என்று அவள் பார்த்துக்கொள்வாள். மொட்டைமாடிக் கதவை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுங்கள். பூட்டப்படும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எதிர் வீட்டுக்காரரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள். விருந்தாளிகள் இரண்டு நாளில் போய்விடுவார்கள், அவர்தான் காலம் முழுக்க எதிரே இருக்கப்போகிறவர். தெருவில் காலி மனை எதுவும் இருந்தால் அதன் சொந்தக்காரரிடம் பேசி, மாதம் ஒரு தொகை கொடுத்து வண்டி நிறுத்த வாங்கிக்கொள்ளுங்கள். வேன் உள்ளே திரும்பாத தெரு என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது காகித வேலை. இதைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். மத்திய சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டே பதிவுத் திட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், 1 முதல் 6 அறை வரை, மொத்தம் 12 படுக்கைக்கு மேல் போகக் கூடாது. உங்கள் இரண்டு அறை இதற்குள் அழகாக அடங்கும். மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்துப் பதிவு செய்துவிடுங்கள். மின்வாரிய அலுவலகத்திலும் நாள் வாடகைக்கு விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்து, எந்தக் கட்டணம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் வணிகம் நடக்கிறது என்று யாராவது புகார் எழுதிய பிறகு விளக்கம் சொல்வது கஷ்டம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். பெயர், ஊர், எண், வண்டி எண், எத்தனை பேர், எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள். அடையாள அட்டையின் நகல் பெரியவர்கள் எல்லோரிடமும் வேண்டும். ஆதார் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த நகலே போதும். அந்த நகல்களை மேசைமேல் போட்டு வைக்காமல் பூட்டி வையுங்கள்.

உங்கள் ஊரில் எல்லோரும் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நம் தமிழர்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறார்கள். வாய் நிறையத் தமிழ் பேசுகிறார்கள், நெற்றியில் விபூதி, நம் ஊர்க்காரர் மாதிரியே இருப்பார்கள். ஆனால் கையில் இருப்பது வேறு நாட்டுப் பாஸ்போர்ட். சட்டப்படி அவர்கள் வெளிநாட்டவர். தங்க வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். பழைய பெயரில் 'சி படிவம்' என்பார்கள். தரங்கம்பாடி பார்க்க வரும் வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டால் எப்படிப் பதிவது என்று சொல்வார்கள்.

ஒரு நட்சத்திரக் கருத்துக்குப் பதில் எழுதுங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம். கோபம் ஆறட்டும். "அன்று காலை தண்ணீர் தீர்ந்தது உண்மை, சிரமத்துக்கு வருந்துகிறோம். ஆறு பேருக்கான அறைகளில் பதினான்கு பேர் தங்கியதால் அப்படி ஆனது. இனி எண்ணிக்கையை முன்பே உறுதி செய்கிறோம்." இவ்வளவு போதும். பாட்டில் கதையை எழுத வேண்டாம். அடுத்து அறை தேடுகிற குடும்பம் அதைப் படிக்கும்போது, யார் குடித்தது என்று பார்க்காது, இந்த வீட்டில் குடி நடக்கும் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக உங்கள் மாமியார். சொல்ல எனக்கும் சங்கடம்தான், ஆனாலும் சொல்கிறேன். "என்ன ஆட்கள்" என்று கேட்பதற்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். அந்தக் கேள்வி உங்கள் வீட்டு வாசலில் ஒருவரிடமும் கேட்கப்படக் கூடாது. பணம் வாங்கி அறை கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து உங்கள் மாடி ஒரு விடுதி. கடைக்கும் உணவகத்துக்கும் தங்கும் விடுதிக்கும் போகிறவரைச் சாதியையோ மதத்தையோ காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். அறுபது வயதில் பெற்றோருக்கு மாலை மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டுத் தூரத்திலிருந்து வந்த பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவன் மனம் என்ன பாடுபடும்? நினைத்துப் பாருங்கள்.

மாமியாருக்கு வேறு நியாயங்கள் இருக்கும், அவற்றைக் கேளுங்கள். வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்பாரா? அது வீட்டு வழக்கம், எல்லோருக்கும் ஒரே மாதிரி, முன்பே சொல்லலாம். பூஜை அறைப் பக்கம், சமையலறைப் பக்கம் யாரும் வரக்கூடாது என்பாரா? அதுவும் சரிதான். வெளிப்பக்கமாக மாடிக்கு ஒரு படிக்கட்டு கட்ட முடிந்தால் முதல் வருமானத்தை அதில் போடுங்கள். அவருடைய கூடம் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். 82 வயதில், தன் வீட்டில் தினமும் புதுமுகம் நடமாடினால் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்துக்குத் தெரிந்த வார்த்தை "என்ன ஆட்கள்" என்பது மட்டும்தானோ என்னவோ. மாதத்தில் நான்கு நாள், அவருக்கு முக்கியமான நாட்களாகப் பார்த்து, அறைகளை யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள். எந்த நாட்கள் என்பதை அவரையே காலண்டரில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் மூன்று மாதம் கேளுங்கள். அடுத்த இரண்டு வாரம் முன்பதிவு எதுவும் எடுக்காமல் தொட்டி, படிக்கட்டுக்கான கணக்கு, நோட்டு, எழுதி அனுப்ப வேண்டிய விவரம் எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். அப்புறம் முதல் குடும்பம் வந்து போனதும் எனக்கு எழுதுங்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று.