பூவா தலையா – கடிதம்

அன்புள்ள ஐயா,

மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடப் போனேன். 'சந்தை சரிந்தால் என்ன செய்வீர்கள்' என்கிற மாதிரி கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். 'ரிஸ்க் எடுக்கத் தயங்குபவர்' என்று முடிவு வந்தது. அப்பாவும் இப்படித்தான். இரண்டு ஏக்கரில் மானாவாரிக் கேழ்வரகைத் தவிர எதையும் போட்டுப் பார்க்காத கோழை. இது ரத்தத்தில் வருவதா? நான் எந்த ஃபண்டில் போடலாம்?

எஸ்., தருமபுரி

அன்புள்ள எஸ்.,

ஃபண்ட் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ரத்தத்தில் கொஞ்சம் வருகிறது என்றுதான் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அது இருக்கட்டும். அப்பாவைக் கோழை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

1970களின் பிற்பகுதியில் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளியலாளர், ஹைதராபாத் பக்கம் பதான்சேருவில் உள்ள, வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் நிறுவனத்தின் ஆய்வுக்காக, மகாராஷ்டிர, ஆந்திர மானாவாரிக் கிராமங்களில் விவசாயிகள் எவ்வளவு ரிஸ்க் எடுப்பார்கள் என்பதை அளந்தார். வாய்க்கேள்விக்கு வரும் பதில் நம்பத்தக்கதல்ல என்று கண்டவர் அவர். அதனால் நிஜப் பணத்தை வைத்துப் பூவா தலையா போட்டார். 50 பைசாவில் தொடங்கி 50 ரூபாய் வரை போனது ஆட்டம். பெரிய ஆட்டத்தில், நாணயத்தைச் சுண்டாமலே 50 ரூபாயை வாங்கிக்கொண்டு போகலாம். நடுத்தரமாகத் துணிந்து சுண்டினால் ஒரு பக்கத்துக்கு 30, மறுபக்கத்துக்கு 150. முழுக்கத் துணிந்தால் ஒன்றுமில்லை, அல்லது 200. கூலிக்குப் போகிறவருக்கு 50 ரூபாய் அன்று பல நாள் வருமானம்.

சில்லறை ஆட்டத்தில் ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். தொகை ஏறியதும் பெரும்பாலானவர்கள் நடுவில் வந்து நின்றார்கள். இருப்பவர், இல்லாதவர் என்று பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் ஒருவர் வயலில் உரமும் புது விதையும் இறங்க, இன்னொருவர் வயலில் ஏன் இறங்கவில்லை? கடன் யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பாருங்கள் என்றார், 1980இல் வெளியான கட்டுரையில்.

என் பெரியப்பாவையும் ஊரில் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொன்னார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் கரும்பு போட்டார், அவர் துணிச்சல்காரர். அவருக்குக் கிணறு இருந்தது, மாதச் சம்பளம் வாங்கும் தம்பி இருந்தான். பெரியப்பாவுக்கு நிலம் தாத்தா பேரிலேயே கிடந்ததால் சொசைட்டியில் கடன் கிடையாது. மிச்சமிருந்தது கந்துவட்டி. அவர் நிலக்கடலைக்கு நடுவே துவரையை ஊடுபயிராகப் போட்டு, ஒரு மூலையில் சாமையும் விதைப்பார். கடலை பொய்த்த வருஷம் அந்தச் சாமைச் சோற்றைத்தான் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். அவர் என்ன, கணக்குத் தெரியாதவரா?

மழையை நம்பி ஆடிப்பட்டத்தில் விதைத்தவரைப் பார்த்து, மாதச் சம்பளம் வாங்குகிற நீங்கள் ரிஸ்க் எடுக்கத் தெரியாதவர் என்கிறீர்கள். உங்களைப் படிக்க வைத்த காசு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மேல் அக்கறை இருப்பதால்தான் திட்டுகிறேன்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பட்டா யார் பேரில் இருந்தது, கடன் எங்கே கேட்டார், யார் இல்லை என்றார்கள் என்று அப்பாவிடம் விசாரித்து எனக்கு எழுதுங்கள்.