உழவர் கேள்வி பதில்: கடைசி டிரிப்பரில் தண்ணீர் வருகிறதா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்களுக்கு 2.75 ஏக்கர் இருக்கிறது. தக்காளியும் சாமந்தியும் போடுகிறோம். கிணற்றுப் பாசனம்தான். பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் தவறி நாலு வருஷம் ஆகிறது. கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். சொட்டு நீருக்கு 100 சதவீத மானியம் என்கிறார்கள். ஆனால் கம்பெனி ஆள் எங்கள் பங்காக 18,000 ரூபாய் கேட்கிறார். முழு மானியம் என்றால் எதற்குப் பணம்?
– ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: சகோதரி, பணத்துக்கு முன்னால் பட்டாவைக் கவனியுங்கள். இறந்தவர் பெயரில் பட்டா இருந்தால் விண்ணப்பம் நகராது. வாரிசுச் சான்று வாங்கி, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். பாகம் பிரியாத சொத்தென்றால் கூட்டுப் பட்டாவாக வரும். அப்போது நாத்தனார், கொழுந்தனார் சம்மதக் கடிதமும் வேண்டியிருக்கும். நான் தோட்டக்கலைத் துறையில் இருந்த காலத்தில், தகுதி இருந்தும் திரும்பிப் போன மனுக்களில் பாதி இந்த இடத்தில் சிக்கியவைதான். பட்டா கைக்கு வந்த பிறகு வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று, அதோடு சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, மண், நீர்ப் பரிசோதனை அறிக்கை. இவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 18,000. மத்திய அரசின் திட்டப்படி சிறு, குறு விவசாயிக்கு மானியம் 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45. தமிழக அரசு தன் பணத்தையும் சேர்த்து அதை 100, 75 என்று ஆக்கித் தருகிறது. 5 ஏக்கர் வரை உள்ளவர் சிறு, குறு விவசாயி, ஆகவே உங்களுக்கு 100. ஆனால் இந்த 100 சதவீதம், இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு செலவு என்று அரசு நிர்ணயித்திருக்கும் அலகுத் தொகைக்குத்தான். அந்தத் தொகையும் பயிர் இடைவெளியைப் பொறுத்து மாறும். பக்கக் குழாய்களை, அதாவது டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் முனை) வைத்துப் பயிர் வரிசையோடு ஓடும் குழாய்களை, 4 அடிக்கு ஒன்றாகப் போட்டால் ஏக்கருக்கு சுமார் 3,300 மீட்டர் குழாய் ஓடும். 5 அடி என்றால் 2,700 மீட்டர் போதும். கிணறு வயலிலிருந்து தள்ளி இருந்தாலோ, நீங்கள் கூடுதலாக ஏதாவது கேட்டிருந்தாலோ அலகுத் தொகைக்கு மேல் ஆகும் செலவு உங்களுடையது. அது நியாயமான பணம். ‘ஃபைல் நகர’, ‘ஆபீஸ் செலவு’ என்று கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எந்தக் குழாய், எத்தனை மீட்டர், என்ன விலை என்று பொருள்வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். எழுதித் தர மறுப்பவரை விட்டுவிட்டு, பதிவு பெற்ற வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நான் இதைவிட அதிகம் கவலைப்படுவது, வேலை முடிந்தது என்று நீங்கள் கையெழுத்துப் போடும் அந்த நாளைப் பற்றி. ஒருமுறை ஒரு அம்மாவின் மஞ்சள் வயலுக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். வாசலோரத்து வரிசைகளில் தண்ணீர் நன்றாகச் சொட்டிக்கொண்டிருந்தது. போட்டோவும் எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவிடம் ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு மேட்டுக் கடைசி வரைக்கும் நடந்தேன். டிரிப்பருக்குக் கீழே கையால் குழி பறித்துச் சொம்பை வைத்தேன். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் 15 நிமிஷத்தில் 1 லிட்டர் வர வேண்டும். 15 நிமிஷம் கழித்துப் பார்த்தால் சொம்பின் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். “பிரஷர் போகப் போக வந்துடும் சார்” என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. பத்து நாளில், பக்கக் குழாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் துணைக் குழாயை மாற்றிப் போட்டார்கள், சொம்பு நிறைந்தது. அந்தச் சொம்புச் சோதனையை நீங்களே செய்யுங்கள், முதல் வரிசையில் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று. இரண்டும் ஒத்து வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வேறொரு ஊரில் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கோடையில் அந்த வழியாகப் போனபோது பக்கக் குழாய்கள் எல்லாம் வேப்ப மரக் கிளையில் சுருட்டித் தொங்கின. திறந்த கிணறு, பச்சைப் பாசித் தண்ணீர். அதற்கு வெறும் வலை வடிகட்டி மாட்டியிருந்தார்கள். மூன்று மாதத்தில் டிரிப்பரெல்லாம் அடைத்துவிட்டது. அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. உங்களுடையதும் கிணற்றுத் தண்ணீர் என்பதால் சொல்கிறேன்: மணல் வடிகட்டி கேளுங்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் பிரஷர் மீட்டர் இருக்கட்டும். இரண்டுக்கும் அரை கிலோவுக்கு மேல் (மீட்டரில் சதுர செ.மீ.க்கு 0.5 கிலோ) வித்தியாசம் வந்தால் வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்று அர்த்தம். குழாய்களின் கடைசி மூடியை வாரம் ஒருமுறை திறந்துவிட்டுக் கலங்கல் போன பிறகு மூடுங்கள். வெள்ளையாக உப்புப் படிந்தால் அமிலம் விட வேண்டும். அதைக் கம்பெனி ஆளை வைத்தே முதல் தடவை செய்துகொள்ளுங்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஒருமுறை மானியம் வாங்கிய வயலுக்கு 7 வருஷம் கழித்துத்தான் மறுபடி கிடைக்கும். அதுவரை அந்தக் குழாய் உழைக்க வேண்டும்.

கேள்வி: கோவில்பட்டி அருகே 3 ஏக்கர் மானாவாரிக் கரிசல். அரசு மானியத்தில் 30-க்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டலாம் என்கிறார்கள். 22 சென்ட் நிலம் போய்விடுமே என்று அப்பா தயங்குகிறார். வெட்டலாமா?

பதில்: தம்பி, அப்பாவின் தயக்கம் சரியான தயக்கம். கரையையும் சேர்த்தால் 22 சென்ட்டுக்கு மேலேயே போகும். ஆனால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சரிவு விட்டு வெட்டிய பிறகு குட்டை சுமார் 15 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஆவியாகியும் ஊறியும் பாதி போனாலும் 7 லட்சம் மிஞ்சும். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த 2 லட்சம் லிட்டர் ஆகும். ஆக, 3 ஏக்கருக்கும் பயிரைச் சாகாமல் காக்கும் ஒரு உயிர்த் தண்ணீர். கார்த்திகையில் மழை இருபது நாள் தள்ளிப்போய், உளுந்து பூவோடு வாடி நிற்கும்போது அந்த ஒரு தண்ணீரின் அருமை அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கரிசல் ஆதலால் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். முதல் மழை வெடிப்புக்குள் போகும், பயப்படாதீர்கள். தண்ணீர் வந்து சேரும் பள்ள மூலையில் வெட்டுங்கள். வெட்ட வரும் இயந்திரத்துக்கு வசதியான ரோட்டோரத்தில் அல்ல. நுழைவாயில் முன்னால் வண்டல் தங்க ஒரு சின்னக் குழி அவசியம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மழைக்கு முன்னாலேயே வேலி போட்டுவிடுங்கள். வேலிச் செலவு உங்கள் கையிலிருந்து போனாலும் பரவாயில்லை.

கேள்வி: ஏரி வண்டல் மண் எவ்வளவு எடுக்கலாம்?

பதில்: நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. ஆன்லைனில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அனுமதியோடு எடுக்கலாம். மண் இலவசம், டிராக்டர் வாடகை உங்கள் பொறுப்பு. ஆகவே வயலுக்கு மண் அடிப்பதற்கு முன் அந்த ஏரி மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு அதிகமென்று வந்தால் ஒரு லோடுகூட அடிக்க வேண்டாம்.