வெள்ளணு இவ்வளவு இருந்தும் புண் ஏன் ஆறவில்லை?

கேள்வி: எங்கள் 2 வயது மகனுக்கு வெள்ளணு ஒட்டுக் குறைபாடு, முதல் வகை என்கிறார்கள். ரத்தத்தில் வெள்ளணு எப்போதும் அதிகம்தான். அப்புறம் ஏன் புண் ஆறுவதில்லை? கணவர் என் அத்தை மகன். இப்போது எனக்கு 8 வாரம். இந்தக் குழந்தைக்கும் வருமா?
– ஈசூன் வாசகி

பதில்: உங்கள் மகனின் ரத்தத்தில் வெள்ளணுவுக்குப் பஞ்சமில்லை. அவற்றால் ரத்தக் குழாயை விட்டு வெளியே வர முடியவில்லை, அதுதான் பிரச்சினை.

எங்காவது கிருமி நுழைந்தால், அருகிலுள்ள ரத்தக் குழாயின் உள்சுவரில் செலக்டின் என்ற புரதங்கள் தலைகாட்டும். ஓடிவரும் வெள்ளணு அவற்றில் உரசி, வேகம் குறைந்து உருளும். அடுத்து அதன் மேலுள்ள பீட்டா-2 இன்டெக்ரின் என்ற புரதம் சுவரை இறுகப் பிடிக்கும். பிடித்த பிறகுதான் அணு சுவரின் இடுக்கு வழியாக நுழைந்து புண்ணுக்குப் போகும். இந்த இன்டெக்ரின் இரண்டு சங்கிலிகளால் ஆனது. ஒன்றின் பெயர் சிடி18. அதற்கான மரபணு ஐடிஜிபி2, 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணு பழுதானால் ஜோடிச் சங்கிலியும் மேற்பரப்புக்கு வராது. அணு உருளும், ஆனால் பிடி கிடைக்காது. ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதால்தான் எண்ணிக்கை ஏறுகிறது.

சீழ் என்பதே பெரும்பாலும் புண்ணுக்கு வந்து செத்த வெள்ளணுக்கள்தான். அதனால் மகனின் புண்ணில் சீழ் இல்லையே என்று தயவுசெய்து நிம்மதியடையாதீர்கள். சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். (இரண்டாம் வகையில் ஃபுகோஸ் என்ற சர்க்கரை சேராததால் உருளுவதே நடக்காது, மூன்றாம் வகையில் கின்ட்லின்-3 பழுதாகி ரத்தக் கசிவும் சேரும். உங்களுக்கு அவை இல்லை.)

அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு 4இல் 1. ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே கணக்குதான். சொந்தத்தில் மணம் முடித்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். பழுதை அது உண்டாக்குவதில்லை. மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால்தான் நோய் வரும். மகனுக்கு ஆளுக்கு ஒரு பழுதான பிரதி கொடுத்திருக்கிறீர்கள், இதில் யார் மீதும் குற்றமில்லை.

மகனின் மரபணு அறிக்கையை இந்த வாரமே கையில் வாங்குங்கள். எந்த இடத்தில் பழுது என்று தெரிந்தால்தான் 11ஆம் வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15ஆம் வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ பார்க்க முடியும். அந்தச் சோதனைகளில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் சரி, பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் ஒன்றைச் சொல்லி எழுதிவைக்கச் செய்யுங்கள்: சிடி18 சோதனை முடிவு வரும்வரை பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடக்கூடாது. சிங்கப்பூரில் பிறந்ததுமே போடும் அந்த ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி.

இந்தச் சிடி18 சோதனைக்குப் பிறந்த குழந்தையின் ரத்தம் கொஞ்சம் போதும். ஒளிரும் எதிர்ப்புரதம் சேர்த்து, எத்தனை அணுக்களில் சிடி18 இருக்கிறது என்று கருவி எண்ணும். 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையான வகை. தொப்புள்கொடி 3 வாரமாகியும் விழாதது இந்நோயின் பழைய அடையாளம், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று: மகனுக்கு நிரந்தரத் தீர்வு, ரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்று. நோயில்லாத தம்பியோ தங்கையோ, ஒற்றைப் பழுது சுமப்பவரானாலும், தானம் தரலாம். திசு பொருந்த வாய்ப்பு 4இல் 1. பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க முடியுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.