மெதுவாக டைப் செய்தால் தெரியாத பிழை

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். போன மாதம் என்னை டெஸ்ட் லீடு ஆக்கிவிட்டார்கள். டீமில் ஆறு பேர். சோதிக்க வேண்டிய பதிப்பு (பில்டு) வியாழக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வருகிறது, வெள்ளிக்கிழமை ரிலீஸ். அப்ரைசலில் யார் எத்தனை பக் (மென்பொருள் பிழை) கண்டுபிடித்துப் போட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். வாடிக்கையாளர் புகார்களில் பாதியை 'ரீபுரொட்யூஸ் ஆகவில்லை', அதாவது எங்களிடம் அந்தப் பிழை மறுபடி வரவில்லை, என்று மூடிவிடுகிறோம். எல்லா டெஸ்டையும் தானாக ஓடும்படி ஆட்டோமேட் செய்துவிட்டு, கோடிங் தெரியாத இருவரை வேறு டீமுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் மேனேஜர். எங்கிருந்து தொடங்குவது?

ச.

அன்புள்ள ச.,

மூடிய அந்தப் புகார் டிக்கெட்டுகளிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்.

தெராக்-25 பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடா அரசு நிறுவனம் ஒன்று தயாரித்த கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இயந்திரத்தை இயக்கிய பெண்ணுக்கு நன்றாகப் பழகிய கை. எலக்ட்ரானுக்கு 'இ' அடிக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்ரேவுக்கான 'எக்ஸ்' அடித்துவிட்டார். கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்தினார், மற்ற கட்டங்களை என்டர் தட்டியே கடந்தார். சில நொடி வேலை. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. இப்படி ஏதாவது ஒன்று அடிக்கடி வந்துகொண்டிருந்ததால், தொடர்வதற்கான 'பி'யை அழுத்திவிட்டார். நோயாளி மீது அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்துவிட்டது.

தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் சோதித்தார்கள். அவர்களுக்கு அந்தப் பிழை வரவில்லை. இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 11 அன்று, அதே இடத்தில் இன்னொரு நோயாளி. இருவருமே பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, அவர் அன்று செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். விஷயம் வேகத்தில் இருந்தது. இயந்திரத்திலுள்ள காந்தங்கள் நிலைக்கு வர எட்டு விநாடி ஆகும். அதற்குள் திருத்தி முடித்துவிட்டால் திருத்தம் மென்பொருளுக்கு எட்டாது. நிதானமாக டைப் செய்கிறவர் வருடக்கணக்கில் சோதித்தாலும் இது அகப்படாது. முந்தைய மாடல் தெராக்-20-லும் இதே கோளாறு இருந்திருக்கிறது. அதில் வன்பொருள் தடுப்புகள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் மருந்துக்கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் செய்தோம். ஒரு கடையிலிருந்து 'ஒரே பில் ரெண்டு தடவை விழுது' என்று மாதக்கணக்கில் புகார். ஒவ்வொரு முறையும் மூடினோம். டீமில் பி.காம் படித்த தம்பி ஒருவன்; கோடிங் தெரியாது, மாமா கடையில் கல்லாவில் உட்கார்ந்தவன். "சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாக்கலாம்க்கா" என்றான். போனோம். கவுன்டரில் பத்துப் பேர். பில் போடுகிறவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண் மருந்துச் சீட்டில், கை நம்பர் பேடில். பிரின்டர் சத்தம் வரக் கொஞ்சம் தாமதமானால் இன்னொரு என்டர். அந்த என்டரில்தான் இரண்டாவது பில் விழுந்தது. ஆபீஸில் நாங்கள் எல்லோரும் மவுஸால் ஒரே ஒரு முறை அழுத்திவிட்டுக் காத்திருந்தோம்.

அதனால் அந்த இருவரை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு வாடிக்கையாளரின் தொழில் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்; தெரியாவிட்டால் அங்கே அனுப்புங்கள். மாதத்தில் ஒரு நாளாவது ஆறு பேரும் சப்போர்ட் அழைப்புகளைக் கேட்கட்டும். புகார் கொடுத்தவரோடு பேசாமல் எந்த டிக்கெட்டையும் மூடுவதில்லை என்று விதி வையுங்கள்.

பக் எண்ணிக்கையைப் பற்றி மேனேஜரிடம் உறுதியாகப் பேசுங்கள். எண்ணினால் ஒரு பிழையை மூன்றாக உடைத்துப் போடுவார்கள், எழுத்துப்பிழைகளாகக் குவியும், டெவலப்பர் எதிரியாவார். ஒரு வாரம் ஒரே பிழையைத் துரத்தியவனுக்குக் கணக்கில் ஒன்றுதான். வாடிக்கையாளர் வரை போன பிழைகளை டெவலப்பரும் டெஸ்டரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்: எந்த இடத்தில் பிடித்திருக்கலாம் என்று மட்டும். யார் விட்டது என்ற பேச்சு அங்கே வேண்டாம்.

ஆட்டோமேஷன் அவசியம். ரிலீஸுக்கு ரிலீஸ் பழையது எதுவும் கெடவில்லையா என்று அதே டேட்டாவோடு ஓட்டுகிற ரெக்ரஷனை மனிதர்கள் கையால் செய்வது கொடுமை. அந்த நேரத்தை மீட்டுத்தான் கடைக்குப் போக முடியும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இன்று ஃபெயில், நாளை பாஸ் என்று ஆடுகிற டெஸ்டை உடனே சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். ஃபெயில் என்று காட்டும் சிவப்பைப் பார்த்துப் பார்த்து டீமுக்குக் கண் பழகிவிடும். அந்தப் பெண் 'பி'யை அழுத்தியதும் அப்படிப் பழகித்தான்.

வியாழக்கிழமைப் பிரச்சினையை வியாழக்கிழமை தீர்க்க முடியாது. கோடு எழுதும் முன் நடக்கிற பேச்சில் உங்கள் ஆள் ஒருவர் உட்கார வேண்டும். "பிரின்டர் தாமதமானால் என்ன ஆகும்?" என்று அங்கேயே கேட்டிருந்தால் எங்களுக்கு அத்தனை மாதம் போயிருக்காது.

இந்த வாரம் 'ரீபுரொட்யூஸ் ஆகவில்லை' என்று மூடியவற்றில் ஐந்தை எடுங்கள். கோடிங் தெரியாத அந்த இருவரையே புகார் கொடுத்தவர்களிடம் அனுப்புங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா