கண்ணிவேட்டைக் கப்பலில் ஓராண்டு: கேள்வி பதில்

கடலில் இட்ட கண்ணிவெடிகளைத் தேடி அழிக்கும் நெதர்லாந்துக் கடற்படையின் அல்க்மார் வகைக் கண்ணிவேட்டைக் கப்பல் ஒன்றில், ஒலியலைகளால் நீரடியைப் பார்க்கும் கருவியான சோனாரின் இயக்குநராகப் பணியாற்றியவன் என்ற முறையில், அங்கே ஓராண்டு எப்படிக் கழியும் என்பதைக் குறித்துக் கேள்விகளை வரவேற்றிருந்தேன். என் துறைக்குள் அடங்குபவற்றுக்கு விரிவாகவும் ஏனையவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறேன். கப்பலின் பெயரையும் சோனார் எவ்வளவு தொலைவு பார்க்கும் என்பதையும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு கப்பற்பொறியியல் மாணவர்: ஆண்டு முழுவதும் கண்ணிவெடிகளைத் தேடிக்கொண்டேதான் இருப்பீர்களா? ஓராண்டின் அட்டவணையைச் சொல்ல முடியுமா, ஐயா?

குளிர்காலத்தின் பெரும்பகுதி டென் ஹெல்டர் தளத்தில் பழுதுபார்ப்பிலும், பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஒஸ்டெண்டே நகரில் சேர்ந்து நடத்தும் கண்ணிவெடிப் போர்ப் பள்ளியின் பயிற்சியிலும் கழியும். வசந்தத்தில் நேட்டோவின் நிரந்தரக் கண்ணியெதிர்ப்புக் குழுக்களில் ஒன்றோடு இணைந்து பால்டிக் கடலுக்குள் நுழைவோம். எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளும் முறைவைத்து நடத்தும் 'ஓப்பன் ஸ்பிரிட்' என்ற கூட்டுப் பணி பெரும்பாலும் மே மாதத்தில் வரும். பெயருக்குப் பயிற்சி என்றாலும், அங்கே கிடைப்பவை இரண்டு உலகப் போர்களிலும் இட்ட உண்மையான கண்ணிகள். கோடை விடுமுறைக்குப் பிறகு ஸ்கொட்லாந்து அல்லது நோர்வேக் கரையோரப் பயிற்சிகள் வரும். இலையுதிர்காலப் புயல்கள் தொடங்கியதும் சொந்தக் கடலுக்குத் திரும்பி, மீனவர்கள் அறிவித்த குண்டுகளைத் தேடி அழிப்போம்.

ஆனால் இந்த அட்டவணையை வைத்து எங்கள் பணியை மதிப்பிட்டால் தவறான சித்திரமே கிடைக்கும். ஆண்டின் பெரும்பகுதியில் நாங்கள் செய்வது, கடலடியில் தெரியும் ஒரு பொருள் கண்ணிவெடி அல்ல என்பதை உறுதிசெய்து, அதன் இடத்தையும் தோற்றத்தையும் பதிவு செய்வதுதான். பாறை, நங்கூரம், எண்ணெய்ப் பீப்பாய், நண்டுக் கூடை, குளிர்சாதனப் பெட்டி என எல்லாமே இந்தப் பதிவேட்டில் ஏறும். துறைமுகங்களுக்குச் செல்லும் பாதைகளை அமைதிக்காலத்திலேயே இவ்வாறு அளந்து வைத்திருந்தால், நெருக்கடி நேரத்தில் புதிதாக முளைத்த பொருள்களை மட்டும் சோதித்தால் போதும். அந்தப் பதிவேடு இல்லாத துறைமுகத்தில் ஒவ்வொரு பீப்பாயையும் கண்ணியாகக் கருதி அணுக வேண்டியிருக்கும், அதற்குள் வணிகக் கப்பல்கள் நாட்கணக்கில் வெளியே காத்து நிற்கும்.

கோயம்புத்தூர்: ஒரு பொருளைக் கண்டதிலிருந்து அதை அழிப்பது வரை என்னென்ன நடக்கிறது?

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். நான்கு படிகள் உண்டு: கண்டறிதல், வகைப்படுத்தல், அடையாளம் காணல், செயலிழக்கச் செய்தல். வேட்டை தொடங்கியதும் பிரதான டீசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சுக்கான்களோடு பொருத்திய மின்விசைச் சுழலிகளால் மிக மெதுவாக நகர்வோம். இது ஓசையைக் குறைப்பதற்கு மட்டுமன்று, நீரோட்டத்துக்கு நடுவில் ஒரே இடத்தில் கப்பலை நிறுத்தி வைப்பதற்கும் வேண்டும். சோனாரின் கண்டறியும் அலைவரிசை ஓர் எதிரொலியைக் காட்டியதும், அதனினும் கூர்மையான வகைப்படுத்தும் அலைவரிசையில் அதன் வடிவத்தையும், அதைவிட முக்கியமாக, அது கடலடியில் வீழ்த்தும் நிழலையும் பார்ப்போம். உருளைக்கும் பாறைக்கும் எதிரொலி ஒன்றுபோல் இருக்கலாம், நிழல் அரிதாகவே ஒன்றுபோல் இருக்கும். ஆகவே ஒரே பொருளை இரண்டு மூன்று கோணங்களிலிருந்து பார்க்காமல் அறிக்கை எழுதுவதில்லை.

கண்ணியை ஒத்தது என்று முடிவானால், அடையாளம் காணக் கேமரா பொருத்திய நீரடி ஊர்தியையோ சுழியோடிகளையோ அனுப்புவோம். முன்பு 'பாப் 104' என்ற பிரெஞ்சு ஊர்தி கண்ணியின் அருகே வெடிபொருளை வைத்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பி வரும். பின்னர் வந்த 'சீஃபாக்ஸ்' கண்ணாடியிழைக் கம்பியின் வழியே இயக்கப்பட்டு, கண்ணியோடு சேர்ந்து தானும் வெடித்து அழியும். விலை உயர்ந்த அந்த ஊர்தியை எண்பது ஆண்டுப் பழைய குண்டுக்காகச் செலவிட யாருக்கும் மனம் வராது என்பதால், அமைதிக்காலத்தில் பெரும்பாலும் சுழியோடிகளே வெடிபொருளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்கள்.

இதில் கடலே நமக்கு எதிராக நிற்கும் வேளைகள் உண்டு. பால்டிக்கில் கோடையில் மேல்நீர் வெப்பமாகவும் கீழ்நீர் குளிர்ந்தும் உப்பு மிகுந்தும் இருப்பதால், ஒலி நேராகச் செல்லாமல் வளைந்துவிடும். கப்பலின் அடியில் உள்ள சோனாருக்கு அந்த அடுக்கின் கீழே கிடப்பது தெரியாமலே போகலாம். அதற்காகத்தான் சோனாரைச் சுமந்து ஆழத்துக்கு இறங்கும் ஊர்தி உண்டு. வடகடலின் தென்பகுதியிலோ மணல் அலையலையாக நகர்ந்து, சென்ற ஆண்டு பார்த்த பொருளை இவ்வாண்டு முழுவதுமாகப் புதைத்திருக்கும்.

மதுரை: கப்பலின் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது என்பது உண்மையா?

கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் என்பது சரி. காந்தக் கண்ணிகள் இரும்பு உடலை உணர்ந்து வெடிப்பவை. முதலில் மரத்தில் கட்டினார்கள். 1973இல் பிரிட்டனின் 'வில்டன்' கண்ணாடியிழை உடலோடு பணிக்கு வந்த பிறகு பல நாடுகள் அந்த வழிக்கு மாறின. அல்க்மார் வகை, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய மூன்றும் சேர்ந்து வடிவமைத்தது. நீளம் 51.5 மீட்டர். சிறிய கப்பல், ஆழமில்லாத அடிப்பகுதி, ஆகவே புயலில் உருளும் உருளலைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

பெயர் குறிப்பிடாதவர்: கப்பலுக்கு நேர்கீழே கண்ணி வெடித்தால் தப்ப முடியுமா?

அந்த நிலை வராமலிருக்கத்தான் கண்ணியைத் தொலைவிலிருந்தே முன்னோக்கித் தேடுகிறோம்.

திருச்சி: எண்பது, நூறு ஆண்டுகள் உப்புநீரில் கிடந்தவை இன்னும் வெடிக்குமா? துருப்பிடித்துச் செயலிழந்திருக்காதா?

செயலிழந்தது என்ற சொல்லை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இரண்டாம் உலகப் போரின் காந்தக் கண்ணிகளில் மின்கலம் தீர்ந்துபோயிருக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் வெடிபொருளுக்கு முதுமை வருவதில்லை. ஜெர்மானியர் வானிலிருந்து போட்ட, கடலடியில் கிடக்கும் பெரிய தரைக்கண்ணி ஒன்றில் ஏறக்குறைய 700 கிலோ வெடிபொருள் இருக்கும், அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கப்பல் மோதினால் வெடிக்கும் தொடுகண்ணிகளின் நிலைமை இன்னும் மோசம். அவற்றின் கொம்பு ஈயத்தால் ஆனது, உள்ளே அமிலம் நிறைந்த கண்ணாடிக் குப்பி இருக்கும். கொம்பு நசுங்கிக் குப்பி உடைந்தால், அந்த அமிலம் உலர்ந்த மின்கலத்துக்குள் வழிந்து அப்போதுதான் மின்சாரம் பிறக்கிறது. அதாவது தீர்ந்துபோக அதில் எதுவுமே இல்லை.

எத்தனை கிடக்கின்றன என்று வேறு இருவரும் கேட்டிருந்தார்கள். ஒரு கணக்கு மட்டும் தருகிறேன். 1918இல் ஓர்க்னித் தீவுகளுக்கும் நோர்வேக்கும் நடுவே அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் இட்ட தடுப்பு வரிசை ஒன்றில் மட்டும் சுமார் 70,000 கண்ணிகள். 1919இல் வாரி எடுக்கப் புறப்பட்டவர்களுக்கு அவற்றில் ஒரு பகுதிதான் அகப்பட்டது. பால்டிக்கில், 1941 ஆகஸ்ட் இறுதியில் தாலினை விட்டு வெளியேறிய சோவியத் கப்பல்கள் ஜுமிந்தா முனைக்கு வெளியே கண்ணிகளில் சிக்கி வரிசையாக மூழ்கிய இடத்தையும் இன்றுவரை முழுமையாகத் துடைத்து முடிக்கவில்லை.

புதுச்சேரி: இனி எல்லாவற்றையும் ட்ரோன்களே செய்துவிடும் அல்லவா?

பாதிக்கு மேல் உண்மை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2019இல் நாட்டுக்கு 6 வீதம் 12 புதிய கப்பல்களுக்கு ஒப்பந்தம் செய்தன. அவை எஃகுக் கப்பல்கள், கண்ணிப் பகுதிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு ஆளில்லாப் படகுகளையும் நீரடி ஊர்திகளையும் உள்ளே அனுப்புபவை. ஆளை அபாயத்திலிருந்து விலக்கும் எதையும் நான் வரவேற்பேன். ஆனால் ட்ரோன் கொண்டுவருவது படங்களை மட்டுமே, அது பீப்பாயா கண்ணியா என்ற தீர்ப்பும் அத்தீர்ப்பின் பொறுப்பும் ஒரு மனிதரிடமே வந்து சேர்கின்றன. அலை எழும்பும் கடலில் அந்தப் படகை இறக்கி ஏற்றுவதும் விளம்பரப் படத்தில் தெரிவதுபோல் எளிதன்று.

சேலம்: ட்ரோன் இருக்கும்போது கப்பல் எதற்கு?

மேலே புதுச்சேரி நண்பருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கள் கடலில் இத்தகைய கண்ணிகள் எப்போதாவது இடப்பட்டனவா?

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் 'வுல்ஃப்' என்ற கப்பல் வணிகக் கப்பலின் வேடத்தில் வந்து, 1917 பெப்ரவரியில் பம்பாய்க்கும் கொழும்புக்கும் வெளியே கண்ணிகளை இட்டது. கொழும்புக்கு அருகே பெப்ரவரி 17இல் 'வூஸ்டர்ஷயர்', 21இல் 'பெர்சியஸ்' என்ற இரு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. இட்டவர்கள் அதற்குள் நெடுந்தொலைவு போய்விட்டார்கள். கண்ணிவெடியின் முழுத் தந்திரமும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

வேலூர்: இந்தியக் கடற்படையிடம் இத்தகைய கப்பல்கள் எத்தனை?

கடைசிக் கண்ணிவாரிக் கப்பலான 'கோழிக்கோடு' 2019இல் விடைபெற்றது. கொள்முதல் அரசியல் என் துறையன்று.

நாகர்கோவில்: கருங்கடலுக்கு ஏன் இந்தக் குழுக்கள் போவதில்லை?

உக்ரைன் போர் நடக்கும்போது 1936ஆம் ஆண்டு மொன்றோ உடன்படிக்கையின்படி துருக்கி நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடியிருக்கிறது. ஆகவே துருக்கி, ருமேனியா, பல்கேரியா ஆகிய மூன்று கரை நாடுகளும் 2024இல் தமக்கெனத் தனிக் குழு அமைத்துக்கொண்டன.

ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து ஒரு கடலுயிரியல் ஆய்வு மாணவி: நீங்கள் அழிப்பதை மட்டுமே பேசுகிறீர்கள். 2019 ஆகஸ்டில் ஃபேமார்ன் பெல்ட்டில், பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிக்குள், நேட்டோ கப்பல்கள் 42 பிரிட்டிஷ் தரைக்கண்ணிகளை வெடிக்க வைத்தன. அதன் பின் கரையொதுங்கிய, டால்பினைப் போன்ற சிறு பாலூட்டிகளான கடற்பன்றிகள் பலவற்றின் செவியெலும்புகள் வெடிப்பதிர்வால் சிதைந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். இதற்கு உங்கள் பதில் என்ன?

நீங்கள் சொன்ன தகவல்கள் சரியானவை, அவற்றை மறுக்க முயல மாட்டேன். நீருக்குள் அதிர்வலை காற்றில் செல்வதைவிட நெடுந்தொலைவு வலுவோடு செல்லும், ஒலியால் இரை தேடும் விலங்குக்குச் செவி போனால் உயிரும் போனதற்குச் சமம். அந்தப் பணியை அந்த மாதத்தில், அதிர்வைத் தணிக்கும் காற்றுக்குமிழித் திரை இல்லாமல் செய்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

தூத்துக்குடி, மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்: கடற்பன்றிக்கு அழுகிறவர்கள் மீனவனுக்கு அழ மாட்டார்களா? குண்டு வலையில் ஏறினால் சாவது யார்?

இதுவும் உண்மையே. 2005 ஏப்ரலில் நெதர்லாந்தின் இழுவைமடிப் படகு ஒன்றின் வலையில் ஏறிய உலகப் போர்க் குண்டு மேல்தளத்தில் வெடித்து மூவர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மீனவர்கள் அறிவிக்கும் குண்டுகளைத் தேடி அழிப்பது எங்கள் ஆண்டின் நிலையான பணிகளில் ஒன்றானது. இப்போது அவர்கள் வலையில் அகப்பட்டதை மிதவை கட்டி இறக்கிவிட்டு, இடத்தைக் கடலோரக் காவலுக்குச் சொல்வார்கள், நாங்கள் போவோம். கரைக்குக் கொண்டுவர வேண்டாம், சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டாம்.

கீல் மாணவி மீண்டும்: அழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. லூபெக் விரிகுடாவில் 100 மில்லியன் யூரோ ஒதுக்கி, வெடிக்காமலே குண்டுகளை மீட்கும் சோதனை தொடங்கியிருக்கிறது. அதையே எல்லா இடத்திலும் செய்யலாமே?

இந்த இடத்தில்தான் நாம் பிரிகிறோம். லூபெக்கில் கிடப்பதில் பெரும்பகுதி போர் முடிந்த பின் கொட்டிக் கழித்த வெடிமருந்து, பெரும்பாலானவற்றில் வெடிதூண்டி பொருத்தப்பட்டிருக்கவில்லை. நாங்கள் எதிர்கொள்வது எதிரியைக் கொல்வதற்கென்றே ஆயத்தப்படுத்தி இட்ட கண்ணி. அதைத் தூக்கும்போது என்ன நடக்கும் என்று உறுதிதர எந்தச் சுழியோடியாலும் முடியாது. சில ஜெர்மானியக் கண்ணிகளில், மீட்க வருபவரைக் கொல்வதற்கென்றே தனி அமைப்பும் உண்டு.

இடைப்பட்ட வழிகள் இருக்கின்றன. வெடிக்கவிடாமல் எரித்து முடிக்கும் முறை ஒன்று. அதில் ஓசை பெருமளவு குறையும், ஆனால் சில வேளை பாதி எரிந்து மீதி கடலடியில் சிதறிக் கிடக்கும். குமிழித் திரைக்கு ஆழமும் நீரோட்டமும் குறைவாக இருக்க வேண்டும், கூடவே காற்றழுத்தப் பொறிகளைச் சுமந்த ஒரு கப்பலும் வேண்டும். ஃபேமார்ன் பெல்ட்டில் இவற்றைத் திட்டமிட்டிருக்க முடியும். கப்பல்கள் வரிசையாகக் காத்து நிற்கும் துறைமுக வாயிலிலோ வடகடலின் வலிய ஓட்டத்திலோ எப்போதும் முடியாது. அதோடு, எதையும் செய்யாமல் விட்டால் உறை அரித்து டிஎன்டி என்ற வெடிமருந்து கசிந்து சிப்பிகளிலும் மீன்களிலும் சேர்கிறது என்பதை உங்கள் துறையினரே அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே மாதத்தைத் தேர்வதும், கடற்பன்றிகளை முன்கூட்டியே ஒலியெழுப்பி விலக்குவதும், அவசரமில்லாததை அவசரமானதிலிருந்து பிரிப்பதும்தான் நாம் ஒத்துப்போகக்கூடிய இடம். அந்தப் பிரிப்பைச் செய்வதற்குத்தான் நான் முதலில் சொன்ன பதிவேடு வேண்டும். எங்கே எது கிடக்கிறது, அதில் தூண்டி இருக்கிறதா என்று தெரிந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம்; தெரியாதபோது கண்ட இடத்திலேயே வெடிக்க வைக்கிறோம்.

தூத்துக்குடி நண்பர்: அப்படியானால் மாணவி சொல்வதை ஒப்புக்கொள்கிறீர்களா, இல்லையா?

பாதியை ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பாதி என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

விழுப்புரம்: ட்ரோன்கள் வந்த பிறகு…

புதுச்சேரி.

ஹாம்பர்க்கில் வசிப்பவர்: பால்டிக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறோம். கரையிலும் ஆபத்து உண்டா?

உண்டு. உசெடொம் தீவைப் போன்ற கரைகளில் பழங்கால மரப்பிசின் இறுகிய அம்பர் கற்களைப் பொறுக்கும்போது, அதே நிறத்தில், போர்க்காலத் தீக்குண்டுகளிலிருந்து வந்த வெண்பாஸ்பரஸ் கட்டிகளும் கலந்து கிடக்கலாம். ஈரமாக இருக்கும் வரை கல்லைப் போலவே இருக்கும், உலர்ந்து உடல்சூடு பட்டதும் தானாகத் தீப்பற்றும். பிள்ளைகள் பொறுக்கியதைச் சட்டைப் பையில் போட விடாமல் தகர டப்பாவிலோ கண்ணாடிக் குடுவையிலோ போடச் சொல்லுங்கள், முழுவதும் உலர்ந்த பிறகும் எரியாமல் இருந்தால் மட்டும் வீட்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள்.