பத்தாயிரம் கட்டிட்டா கேஸ் முடிஞ்சிடுமா வக்கீல் சார்?

இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம், டிடி கேஸ், அதாவது குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டின கேஸ். அதனால சொத்து தகராறு, ஜீவனாம்சம் கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க, இந்த தடவை முழுக்க ஊதினவங்க கதைதான்.

கேள்வி: பிரெண்டோட ரிசப்ஷன்ல ரெண்டு பெக்தான் சார் போட்டேன், வர்ற வழியில நிறுத்தி ஊத சொன்னாங்க, 68னு காட்டுச்சு. பைக்கை எடுத்து வச்சிக்கிட்டு ஒரு சலானை கையில குடுத்து கோர்ட்ல பத்தாயிரம் கட்டிட்டு வந்து எடுத்துக்கோன்னு சொல்லிட்டாங்க. கட்டிட்டா அதோட முடிஞ்சிடும்ல? – ஒரு வாசகர், மேடவாக்கம்

பதில்: முடியாது தம்பி, இதைத்தான் எல்லாரும் தப்பா நினைச்சிக்கிறீங்க. ஹெல்மெட் போடலைன்னா ஸ்பாட்லயே காசு கட்டிட்டு போயிடலாம், ஏன்னா மோட்டார் வாகன சட்டத்துல 200வது பிரிவு அதுக்கு வழி விடுது, ஆனா அந்த லிஸ்ட்ல 185 கிடையாது. குடிச்சிட்டு ஓட்டறது 185. அது கோர்ட்டுக்கு போயே ஆகணும், அங்க போய் "ஆமா சார் குடிச்சேன்"னு சொல்லி காசு கட்டினீங்கன்னா அது ஃபைன் இல்ல, தண்டனை. குற்றவாளின்னு கோர்ட்ல பதிவாகுது.

185 என்ன சொல்லுதுன்னா 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினாலோ ஓட்ட முயற்சி பண்ணாலோ முதல் தடவை 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 ரூபா, இல்ல ரெண்டும். மறுபடி மாட்டினா 2 வருஷம் வரைக்கும், இல்ல 15,000, இல்ல ரெண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னாடி வெறும் 2,000 ரூபாதான் இருந்துச்சு, அதனாலதான் பழைய ஆளுங்க இன்னும் "ரெண்டாயிரம் கட்டினா ஆச்சு"ன்னு சொல்லிட்டு திரியறாங்க. இதுல யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. அதே சட்டத்துல 20வது பிரிவு, 185ல தண்டனை ஆனா குறைஞ்சது 6 மாசம் வண்டி ஓட்ட தகுதி நீக்கம் பண்ணணும்னு கோர்ட்டுக்கு சொல்லுது. பண்ணலாம்னு இல்ல, பண்ணணும். பைக்ல போய் சம்பாதிக்கிறவனுக்கு பத்தாயிரம் பெருசா, ஆறு மாசம் பெருசா, நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

அதுக்காக எல்லாரும் கேஸ் நடத்துங்கன்னு நான் சொல்ல வரல. 68ன்னா 30க்கு டபுளுக்கு மேல, பேப்பர் எல்லாம் சரியா இருந்தா ஒத்துக்கிட்டு முதல் தடவைன்னு சொல்லி கேட்டுக்கறதுதான் புத்திசாலித்தனம், வருஷக்கணக்கா வாய்தா வாய்தான்னு அலைஞ்சா வக்கீல் பீஸே பத்தாயிரத்தை தாண்டிடும். ஆனா ஒத்துக்கறதுக்கு முன்னாடி பேப்பரை பாருங்க, ஏன்னா ஒத்துக்கிட்டீங்கன்னா அப்புறம் அப்பீல்ல தண்டனை அதிகமா, சட்டப்படி சரியான்னு மட்டும்தான் பேச முடியும், நான் குடிக்கவே இல்லன்னு போய் நிக்க முடியாது.

என்ன பாக்கணும்? மெஷின்ல இருந்து வந்த பிரிண்ட் இருக்கா, அதுல உங்க பேரு, நேரம், இடம், மெஷின் நம்பர் சரியா இருக்கா, வண்டியை நிறுத்தின நேரத்துக்கும் ஊதின நேரத்துக்கும் எவ்ளோ இடைவெளி. மெஷினை கடைசியா எப்ப அளவு சரி பார்த்தாங்க. நீங்க ஊதறதுக்கு முன்னாடி மெஷின் வெறும் காத்துல ஜீரோ காட்டுச்சா, ஏன்னா முந்தின ஆள் ஊதினது உள்ள மிச்சம் இருந்தா உங்க கணக்குல வந்து விழும். 2025ல கேரளா ஹைகோர்ட் இதே காரணத்துக்காக, ஜீரோ வராத மெஷின்ல எடுத்த டெஸ்ட்டை வச்சு போட்ட 185ஐ ரத்து பண்ணியிருக்கு. கேரளா தீர்ப்பு நம்ம மாஜிஸ்ட்ரேட்டை கட்டுப்படுத்தாது, ஆனா எடுத்து வைக்கலாம், கேப்பாங்க.

பைக் விஷயம். குடிச்ச ஆளை ஓட்ட விடக்கூடாது, அது சரி. ஆனா குடிக்காத, லைசென்ஸ் இருக்கிற ஒருத்தர் வந்தா அவர்கிட்ட வண்டியை குடுத்துடணும்னு தெலங்கானா ஹைகோர்ட் 2021ல தெளிவா சொல்லுச்சு, யாருமே வரலைன்னாதான் ஸ்டேஷன்ல பத்திரமா வைக்கணும். அதனால அந்த நேரத்துல எஸ்.ஐ. கூட சண்டை போடாம வீட்டுக்கு போன் பண்றது உத்தமம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கால் டாக்ஸி ஓட்டறார் ஐயா. நைட்டு குடிச்சிட்டு படுத்தார், காலையில ஏழு மணிக்கு குளிச்சிட்டு சாப்பிட்டுட்டு வண்டி எடுத்தார், ஏர்போர்ட் போற வழியில புடிச்சிட்டாங்க. காலையில ஒரு சொட்டு கூட குடிக்கலைன்னு சத்தியம் பண்றார். மெஷின் பொய் சொல்லுமா? – ஒரு வாசகி, பல்லாவரம்

பதில்: அம்மா, அவரும் பொய் சொல்லல, மெஷினும் பொய் சொல்லல. ஒரு குவார்ட்டர்ங்கறது 180 மில்லி, பிராந்தியில 42.8 சதவீதம் ஆல்கஹால், கணக்கு போட்டா சுத்தமான சாராயம் மட்டும் 60 கிராம் வந்துடும். எழுபது கிலோ ஆம்பளைக்கு ரத்தத்துல சுமாரா 120, 130 வரைக்கும் ஏறும். உடம்பு அதை ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம் அளவுலதான் கரைக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட குறைய இருக்கும் அவ்ளோதான். மோர் குடிச்சாலும் எலுமிச்சை புழிஞ்சு குடிச்சாலும் தலைக்கு குளிச்சாலும் வேகம் கூடாது. ஒரு குவார்ட்டருக்கே 30க்கு கீழ வர ஆறேழு மணி நேரம் ஆகும். அவர் ரெண்டு குவார்ட்டர் போட்டு பதினோரு மணிக்கு படுத்திருந்தார்னா ஏழு மணிக்கு இன்னும் 130 உள்ள இருக்கும், போதை தெளிஞ்ச மாதிரி அவருக்கு தோணலாம், 185க்கு அது கணக்கில்ல. பீர்தானேன்னு சொல்ற ஆளுங்களுக்கும் சேர்த்து சொல்றேன், 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒண்ணே 30ஐ ரெண்டு மடங்குக்கு மேல தாண்டிடும்.

நைட்டு குடிச்சது காலையில எப்படி குத்தம்னு கோர்ட்ல வாதாடினா எடுபடாது. அவருக்கு ஓட்டறதுதான் பொழப்பு, அதனால லைசென்ஸ் பக்கம் கவனமா இருங்க. போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம், ஆனா சஸ்பெண்ட் பண்ற அதிகாரம் போலீசுக்கு இல்ல, ஆர்.டி.ஓ.தான் 19வது பிரிவுல பண்ணணும், பண்றதுக்கு முன்னாடி அவர் தரப்பை கேக்கணும். நோட்டீஸ் வந்தா கிடப்புல போடாம நேர்ல போய் எழுத்துல பதில் குடுங்க, குடும்ப நிலைமையும் எழுதுங்க. ஆர்டர் கைக்கு வந்து 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம். வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா 15100க்கு போன் போடுங்க, இலவச சட்ட உதவி. நீங்க பெண்ங்கறதால உங்க பேர்ல வர்ற எந்த கேஸுக்கும் வருமானம் பாக்காம கிடைக்கும், அவருக்கு வருமான வரம்பு பாப்பாங்க.

கேள்வி: ஊதவே மாட்டேன்னு சொல்லிட்டா ஆதாரமே இல்லாம போயிடும்ல? யூடியூப்ல ஒருத்தர் சொன்னார். – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அவர் வியூஸ்க்கு சொல்றார், நீங்க ஜெயிலுக்கு போவீங்க. மறுத்தா, குடிச்சிருக்கீங்கன்னு சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தா வாரண்ட் இல்லாமலே அரெஸ்ட் பண்ணலாம், ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகலாம், காரணமே இல்லாம மறுத்தார்ங்கறதையும் கோர்ட்ல உங்களுக்கு எதிரா எடுத்து வைக்கலாம், இது 203, 204, 205. இருமல் மருந்து, மவுத்வாஷ்னு வாயில ஏதாச்சும் போட்டிருந்தா மறுக்காதீங்க, அதை அப்பவே சொல்லி கால் மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊத விடுங்கன்னு கேளுங்க, வாயில இருக்கிற ஆல்கஹால் அதுக்குள்ள போயிடும். ஒண்ணுக்கு மேல தடவை ஊத சொல்ல சட்டத்துலயே இடம் இருக்கு, அரெஸ்ட் ஆனா ஸ்டேஷன்லயும் ஊத வாய்ப்பு குடுக்கணும்னு இருக்கு.

இன்னொரு யூடியூப் சரக்கு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டலைன்னா கேஸே காலின்னு. 202ல இருக்கறது, 185ல அரெஸ்ட் ஆன ஆளை ரெண்டு மணி நேரத்துக்குள்ள மருத்துவ பரிசோதனைக்கு உட்படுத்தலைன்னா காவல்ல இருந்து விட்டுடணும்னு மட்டும்தான். கேஸ் தானா சாகாது, வாதத்துக்கு ஒரு பாயிண்ட் கிடைக்கும்.

கேள்வி: எனக்கு மெஷினே வைக்கல. ஜி.ஹெச்.ல டாக்டர் வாயை ஊத சொல்லி மோந்து பாத்துட்டு, கண்ணுல டார்ச் அடிச்சிட்டு, சர்டிபிகேட் எழுதி குடுத்துட்டார். – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இந்த இதழ்ல வந்ததுலயே வலுவான கேஸ் உங்களுதுதான். 185க்கு அளவு வேணும், 30க்கு மேலன்னு ஒரு டெஸ்ட் சொல்லணும், மூக்குக்கு மில்லிகிராம் தெரியாது. 1971லயே சுப்ரீம் கோர்ட் பச்சுபாய் ஹசனலி கர்யானி வழக்குல வாயில வாடை, தள்ளாட்டம், கண்மணி விரிஞ்சது, பேச்சு குழறல் இதை மட்டும் வச்சு போதையில இருந்தார்னு முடிவுக்கு வர முடியாதுன்னு சொல்லிடுச்சு. முதல்ல அந்த சர்டிபிகேட் காப்பியை வாங்குங்க. நம்ம ஊர்ல "மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை"ன்னு எழுதறது ரொம்ப சகஜம், அந்த ஒரு வரி இருந்தா உங்களுக்கு பாதி வேலை முடிஞ்சுது. ரத்தம் எடுத்திருந்தாங்கன்னா லேப் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எதையும் ஒத்துக்காதீங்க, ஊசி போடறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் வச்சு துடைச்சாங்களா, பாட்டில்ல கெடாம இருக்க மருந்து போட்டாங்களா, சீல் வச்சது யாரு, லேபுக்கு எத்தனை நாள் கழிச்சு போச்சு, இதெல்லாம் குறுக்கு விசாரணையில கேக்க வேண்டியது. உங்க வக்கீல் 185 கேஸ்ல இதையெல்லாம் கேக்காம "இவர் நல்ல குடும்பத்து பிள்ளை"ன்னு பேசினார்னா வக்கீலை மாத்துங்க.

கேள்வி: கோர்ட் வாசல்ல ஒருத்தர் நாலாயிரத்துல முடிச்சு தரேன்னார். குடுக்கலாமா?

பதில்: குடுத்தா நாலாயிரம் போகும், கேஸ் இருக்கும்.

கேள்வி: பிரெண்ட் குடிச்சிட்டு கார் ஓட்டினான், நான் குடிக்கல, பக்கத்துல உக்காந்திருந்தேன். எனக்கும் கேஸ் போட்டிருக்காங்க, இது எந்த ஊர் நியாயம்? – ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: 2022 அக்டோபர்ல இருந்து சென்னை டிராபிக் போலீஸ் இப்படி போடறாங்க, 188வது பிரிவு, அதாவது தூண்டினது, உடந்தையா இருந்தது. ஆனா உடந்தைன்னா ஏதோ ஒண்ணு செஞ்சிருக்கணும், சாவியை எடுத்து குடுத்தது, எடுடா மச்சான் போலாம்னு கிளப்பி விட்டது, வண்டி உங்க பேர்ல இருந்து ஓட்ட விட்டது. சும்மா பக்கத்துல உக்காந்ததே உடந்தை ஆகாதுன்னு வாதாட நல்ல இடம் இருக்கு, நீங்க இதை ஒத்துக்கிட்டு காசு கட்டாதீங்க. உங்களுக்கு லைசென்ஸ் இருக்கான்னு எழுதல. இருந்துச்சுன்னா குடிக்காத நீங்க ஏன் ஓட்டலைன்னு மாஜிஸ்ட்ரேட் கேப்பார், பதில் யோசிச்சு வச்சிக்கங்க.

கேள்வி: கார் டிவைடர்ல மோதி முன்பக்கம் போயிடுச்சு. போலீஸ் ஊதவும் சொல்லல, ரத்தமும் எடுக்கல, 185 கேஸும் இல்ல. ஆனா டாக்டர் சீட்டுல மது வாடைன்னு எழுதினதை வச்சிக்கிட்டு இன்சூரன்ஸ்காரன் கிளைம் தர மாட்டேங்கறான். கேஸே இல்லாதப்ப அவன் எப்படி மறுக்கலாம்? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மறுக்கலாம் சார், இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. கிரிமினல் கேஸ்ல 30ங்கற கோடு உங்களை காப்பாத்தும், பாலிசியில அந்த கோடு இல்ல, "போதையின் தாக்கத்தில் ஓட்டினால்"னு தான் இருக்கும். 2007 டிசம்பர்ல டெல்லியில ஒரு போர்ஷே கார் மோதி எரிஞ்சு போச்சு, டெஸ்ட் எதுவும் கிடையாது, மருத்துவ அறிக்கையில வாடை மட்டும். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2021ல இப்கோ டோக்கியோ இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம் தீர்ப்பாச்சு. டெஸ்ட் இல்லைன்னாலும் விபத்து நடந்த விதம், நேரம், காலி ரோடு எல்லாத்தையும் சேர்த்து பார்த்து கம்பெனி மறுக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதனால உங்க பக்கம் விபத்துக்கு வேற காரணம் இருந்துச்சுன்னு காட்ட முடியுமான்னு பாருங்க, டயர் வெடிச்சுதா, மாடு குறுக்க வந்துதா, லைட் இல்லாத டிவைடரா, போட்டோ, மெக்கானிக் ரிப்போர்ட், பக்கத்து கடை கேமரா எது கிடைச்சாலும் எடுத்துட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போங்க. மறுப்பு கடிதம் கைக்கு வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷம் டைம், ஆனா கேமரா பதிவு அவ்ளோ நாள் யாரும் வச்சிருக்க மாட்டாங்க, அதை இன்னைக்கே போய் கேளுங்க. நல்லவேளை நீங்க மோதினது டிவைடர், ஆள் மேல மோதியிருந்தா கோர்ட் பெரும்பாலும் முதல்ல கம்பெனியை நஷ்டஈடு குடுக்க சொல்லிட்டு, அப்புறம் அந்த மொத்த தொகையையும் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு விட்டுடும்.