அம்மாவின் அனுமதிப்பத்திரக் காணி: பின்னுரித்தாளரை மாற்றுவது பற்றி

வணக்கம். கிளிநொச்சியில் அரசு அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கிய காணிக்கு அம்மா பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவராக, நியமித்த மூத்த மகன் இப்போது அவரைப் பார்ப்பதில்லை, அதை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரதாரர் உயிருடன் உள்ளவரை அந்த நியமனத்தைப் பொதுவாக இரத்துச் செய்து வேறொருவரை நியமிக்கலாம். ஆனால் இரத்தும் புதிய நியமனமும் அவர் இறப்பதற்கு முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் செல்லுபடியாகும். எனவே, முதியவரை அலைக்கழிக்க மனம் வராவிட்டாலும், உறவினர் பேசித் தீர்க்கட்டும் என்று காத்திராமல், மூல அனுமதிப்பத்திரத்துடன் இந்த வாரமே பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோருவது வேறு விடயம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு முதியோர் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம்.